எல்லாமே ‘அடைப்பு’தானா? பிளக், சீல், பிளாக், கேஸ்கட், ஸ்டாப் பற்றி

கேள்வி, ஜூன் 2

“தமிழில் ஒரு பம்பு கையேடு கைக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘அடைப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றவும்’ என்று இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ‘அடைப்பு இருந்தால் உடனே நீக்கவும்’. ஒன்பதாம் பக்கத்தில் ‘அடைப்பு தேய்ந்திருந்தால் புதியது மாற்றவும்’. எங்கள் தோட்டத்து ஆள் ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு மூன்றாம் பக்கத்து அடைப்பைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டார். ஆங்கிலத்திலும் இதற்கெல்லாம் ஒரே சொல்தானா?”

ஜூன் 2, இரவு 10 மணி

மூன்றும் மூன்று சொல். மூன்றாம் பக்கத்தில் இருப்பது பிளக். பம்பின் தலையில் திருகியிருக்கும், கழற்றித் தண்ணீர் ஊற்றி மறுபடி திருக வேண்டியது. ஏழாம் பக்கத்தில் இருந்தது கிளாக் என்ற சொல்லாக இருக்கும். கடிகாரத்துக்குச் சொல்லும் கிளாக் வேறு. இது கடைசியில் ‘ஜி’ எழுத்து வரும் கிளாக். தண்ணீருக்குள் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் இலையும் பாசியும் போய்ச் சேர்ந்துகொள்கிறதே, அது. ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது சீல். தண்டு சுற்றும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் பிடித்து வைக்கும் பாகம்.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு 11 வருடமாக இந்த மாதிரிக் கையேடுகளைத்தான் மொழிபெயர்க்கிறேன். நீங்கள் படித்தது என் கையேடா தெரியாது. நானும் இப்படி எழுதியிருக்கிறேன் என்பதால் என்னுடையதாகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தோட்டத்து ஆள் மேல் தவறு இல்லை. எழுதியவர் மேல்தான்.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி இது: அதை அங்கே வைத்தது யார், அது அங்கே இருக்க வேண்டுமா, மறுபடி எடுக்க வேண்டுமா? பிளக் மனிதன் வைத்தது, எடுப்பதற்காகவே வைத்தது. சீல் மனிதன் வைத்தது, இருந்துகொண்டே இருக்க வேண்டியது. கிளாக் யாரும் வைக்காமல் தானாக வந்து சேர்ந்தது. தமிழில் அடை என்ற வேர் வழி மூடிக்கொண்டது என்ற நிலையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஆங்கிலம் அடைத்த பொருளையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது.

ஜூன் 3

பிளக் பற்றி நேற்று விட்டது. நம் ஊரில் ‘பிளக் பாயிண்ட்’ என்றால் சுவரில் இருக்கும் ஓட்டை. ஆங்கிலத்தில் பிளக் என்பது அந்த ஓட்டைக்குள் போகிற மூன்று முள் வைத்த துண்டு. சுவரில் இருப்பது பிரிட்டனில் சாக்கெட், அமெரிக்காவில் அவுட்லெட். ஏற்றுமதிக்கான ஆங்கிலக் கையேடு எழுதுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ‘பிளக் சூடாகிறதா பாருங்கள்’ என்று எழுதினால் அங்கே ஒருவர் சுவரைத் தொட மாட்டார், கையில் இருக்கும் வயர் முனையைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

ஜூன் 4, காலை

ஸ்டாப் என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ‘நிறுத்து’ என்பதற்கும் ‘ஸ்டாப்பர்’ என்ற மூடிக்கும் என்ன உறவு என்று. இது எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஸ்டாப் முதலில் அடைத்தலைத்தான் குறித்தது. நிற்பது, நிறுத்துவது எல்லாம் பின்னால், 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் காதை அடைத்துக்கொள்வதற்கு இந்தச் சொல் வருகிறது. அதற்கும் பின்னால் போனால் லத்தீன் ‘ஸ்டுப்பா’. சணல், ஆளி மாதிரிச் செடிகளை அடித்துச் சீவும்போது கழிந்து விழும் முரட்டு நார்தான் ஸ்டுப்பா. அந்த நாரை வைத்துத் திணிப்பது ‘ஸ்டுப்பாரே’. அதிலிருந்து ஸ்டாப். பேருந்து ஸ்டாப், அந்தக் காலத் தந்தியில் வரிக்கு வரி எழுதிய ஸ்டாப், ஃபுல் ஸ்டாப் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கைப்பிடி நார் இருக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா பம்பு பட்டறையில் ஃபிட்டர். வெள்ளை டேப் சுருள் வருவதற்கு முன்னால், குழாய் மரையில் சணல் நாரைப் பிரித்து வலமாகச் சுற்றி, மேலே பெயிண்ட் தடவி, அப்புறம்தான் முறுக்குவார். நாரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சின்ன நுனியாக எடுத்தால் “இன்னும் கொஞ்சம் கண்ணு” என்பார். ரோமானியன் செய்ததும் அப்பா செய்ததும் ஒரே வேலை. நார் தண்ணீர் பட்டால் உப்பும், உப்பி இடத்தை நிறைக்கும். அந்த வேலைக்கு வைத்த பெயர்தான் பல நாடுகளில் சாலைச் சந்திப்பில் சிவப்புப் பலகையில் எழுதியிருக்கிறது.

ஜூன் 4, மாலை

இன்னும் இரண்டு ஸ்டாப். ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியத்தில், குழல்களுக்குக் காற்று போகாமல் அடைக்கும் குமிழ்களுக்கு ஸ்டாப் என்று பெயர். எல்லாக் குமிழையும் வெளியே இழுத்துவிட்டால் எல்லாக் குழலும் பாடும். ‘ஸ்டாப்புகளையெல்லாம் இழுத்துவிட்டான்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் முழு மூச்சாக இறங்கிவிட்டான் என்று பொருள்.

மொழியியலில் க, ட, த, ப போன்ற ஒலிகளுக்கும் ஸ்டாப் என்றுதான் பெயர். வாய்க்குள் காற்றை முழுவதும் அடைத்து விடுவிக்கும் ஒலிகள். தமிழில் அடைப்பொலி. நம் வல்லினம் என்ற பெயர் காதில் விழும் வன்மையைச் சொல்கிறது, அடைப்பொலி வாய்க்குள் நடப்பதைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

ஜூன் 6

“சீல் என்றால் ஒரு சொட்டும் கசியக் கூடாது, அதுதானே சீல்?” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பம்புகளில் சுற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு பெட்டி மாதிரி குழிவு இருக்கும். அதற்கு ஸ்டஃபிங் பாக்ஸ் என்று பெயர், திணிக்கும் பெட்டி. அதற்குள் கிராஃபைட் தோய்த்த சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டித் திணிப்பார்கள். அதுதான் கிளாண்டு பேக்கிங். நம் ஊர் ஃபிட்டர்கள் ‘கிளாண்டு கயிறு’ என்பார்கள். வெளியே ஒரு மூடியை வைத்து இரண்டு நட்டால் அழுத்தியிருக்கும். ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். விழாவிட்டால் தண்டும் கயிறும் உரசிச் சூடேறி, கயிறு கருகி, தண்டில் பள்ளம் விழுந்துவிடும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவுடன் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டக்காரர் சொட்டு விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல், ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. அவருக்குச் சந்தோஷம். அப்பா வந்து பார்த்ததும் மறுபடி தளர்த்தினார். “சொட்டு விழோணும். சொட்டு நின்னா கயிறு வெந்துரும்” என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. ஒழுகுவதைச் சரி செய்ய வந்தவர் ஒழுக விட்டுவிட்டுப் போகிறாரே என்று இருந்தது.

இப்போது வரும் மெக்கானிக்கல் சீல் வேறு வகை. கண்ணாடி போல இழைத்த இரண்டு வளையங்களில் ஒன்று அசையாமல் இருக்கும், இன்னொன்று அதைத் தொட்டபடி தண்டோடு சுற்றும். அதில் கண்ணுக்குத் தெரிந்து சொட்டினால் அது கெட்டுவிட்டது. ஆகவே ‘கசிவு இருந்தால் அடைப்பை மாற்றவும்’ என்று பொதுவாக எழுதினால், ஒரு பம்புக்குச் சரி, இன்னொரு பம்புக்குத் தவறு. கையேட்டில் பேக்கிங் வேறு, சீல் வேறு என்று எழுதியே ஆக வேண்டும்.

கேஸ்கட் இவை இரண்டிலிருந்தும் வேறு. அசையாத இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்திருப்பது கேஸ்கட். எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருப்பது அது. குக்கர் மூடியில் நாம் ‘ரப்பர்’ என்று சொல்வதும் அதுதான்.

ஜூன் 7

குக்கர் என்றதும் சேஃப்டி வால்வு பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஜூன் 2ஆம் தேதி நான் எழுதியதை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. பிளக்கை எடுப்பது மனிதன் என்று எழுதினேன். நெருப்பே எடுக்கும் பிளக் ஒன்று உண்டு.

நீராவிக் கொதிகலனில் ஃபியூசிபிள் பிளக் என்று ஒன்று வைப்பார்கள். பித்தளைத் திருகு, நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஈயமோ வெள்ளீயமோ ஊற்றி அடைத்திருக்கும். தண்ணீர் மட்டம் குறைந்து அடுப்புக்கு மேலே உள்ள தகடு காய்ந்தால் ஈயம் உருகி ஓடிவிடும். அந்த ஓட்டை வழியாக நீராவி பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், கொதிகலன் வெடிக்காது. ரிச்சர்ட் டிரெவிதிக் 1803இல் இதைக் கொண்டுவந்தார். அதே வருடம் கிரீன்விச்சில் அவருடைய எஞ்சின் ஒன்று வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த பிளக் அது. நம் குக்கர் மூடியில் இருக்கும் சின்ன உலோகப் பொட்டும் அதன் பேரன்தான். தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் வைத்தால் அது உருகிப் போவதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். கெட்டுப்போனது என்று அம்மா அலுத்துக்கொள்வார். அது தன் வேலையைச் செய்துவிட்டது.

தகுந்த நேரத்தில் திறப்பதற்காகவே அடைத்து வைப்பதும் பிளக்.

ஜூன் 9

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சில வருடம் முன்னால் அம்மா இங்கிலாந்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். அதற்கு முன்பே அம்மாவுக்கு இதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தோம். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பக்கத்தில் அம்மாவின் உடல்நிலையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்தானே வீட்டில் ஆங்கிலம் எழுதுகிற ஆள். முதல் வரியில் ‘ஹார்ட் பிளாக், 2 ஸ்டென்ட்’ என்று எழுதினேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். “ஹார்ட்ல 80 சதவீதம் பிளாக் இருக்குன்னு சொல்லிட்டாங்க” என்று.

ஒரு இரவு அங்கே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர், பேஸ்மேக்கர் எங்கே வைத்திருக்கிறது, எப்போது வைத்தது, மயக்கம் போட்டு விழுந்தது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு போன். நான் பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். அதில் எங்கேயும் ‘ஹார்ட் பிளாக்’ என்று இல்லை. ‘கரோனரி ஆர்ட்டரி டிசீஸ்’, அதாவது இதய ரத்தக் குழாய் நோய் என்றுதான் இருந்தது.

ஆங்கில மருத்துவத்தில் ஹார்ட் பிளாக் என்பது குழாய் அடைப்பே கிடையாது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு தாமதமாவதும் தடைபடுவதும்தான் ஹார்ட் பிளாக். அதில் மூன்று நிலை உண்டு. மூன்றாம் நிலையில் துடிப்பு கீழே போய்ச் சேரவே சேராது. அதற்குத்தான் பேஸ்மேக்கர். ரத்தக் குழாய்க்குள் கொழுப்புப் படிந்து சுருங்குவது வேறு நோய், மருந்தும் வேறு. ரத்தக் குழாய் அடைப்பை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் ‘பிளாக்ட் ஆர்ட்டரி’ என்று குழாயின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிளாக் என்ற சொல்லுக்கு முன்னால் ஹார்ட் வந்தால் அர்த்தமே மாறிவிடும்.

அம்மா நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இரவில் வீணான நேரம் என் ஒரு சொல்லால் வீணானது. வெளிநாடு போகிற பெற்றோருக்கு நீங்களாகச் சுருக்கி எழுதாதீர்கள். டிஸ்சார்ஜ் தாளின் நகலையே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஜூன் 10

மேலே எழுதியதைப் படித்த ஒரு செவிலியர் ‘இன்ஃபார்க்ட்’, ‘எம்போலிசம்’ இரண்டையும் கேட்டிருக்கிறார். இரண்டிலும் திணிப்பதுதான் இருக்கிறது. இன்ஃபார்க்ட் லத்தீனில் உள்ளே திணித்தது. நாடகத்தில் ஃபார்ஸ் என்கிறார்களே, கூத்தும் கும்மாளமுமாக ஒரு நாடகம், அதற்கும் அதே வேர்தான். பெரிய நாடகங்களுக்கு நடுவே திணித்த சின்னக் கூத்து அது. எம்போலஸ் கிரேக்கத்தில் ஆப்பு அல்லது அடைப்பான். ரத்தக் கட்டி தான் உருவான இடத்திலேயே இருந்தால் திராம்பஸ். அங்கிருந்து கிளம்பி வேறு இடத்தில் போய்ச் சொருகிக்கொண்டால் எம்போலஸ். ஜூன் 2இல் கேட்ட ‘யார் வைத்தது’ என்ற கேள்வியோடு ‘எங்கிருந்து வந்தது’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கான்ஸ்டிபேட்டட் என்றால் மலச்சிக்கல். அதே லத்தீன் வேரில் வந்த ஸ்பானியச் சொல் ‘கான்ஸ்டிபாதோ’ என்றால் சளி பிடித்திருக்கிறது. அழுத்தி நெருக்குதல் என்ற ஒரே வேர் ஒரு மொழியில் வயிற்றுக்கும் இன்னொரு மொழியில் மூக்குக்கும் போயிருக்கிறது. தமிழ் மூக்கடைப்பு, கல்லடைப்பு, நீரடைப்பு என்று எல்லாவற்றையும் அடைப்பாக்கிவிட்டு, மலத்துக்கு மட்டும் ‘சிக்கல்’ என்று வைத்தது. சிக்கு எடுக்க நேரமும் பொறுமையும் வேண்டும். அதைத் தெரிந்து வைத்த பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 12

பிரிட்டன், அமெரிக்கா வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்கடைக் குழாய் அமெரிக்காவில் கிளாக் ஆகும், பிரிட்டனில் பிளாக் ஆகும், நம் ஊர் ஆங்கிலத்தில் சோக் ஆகும். டியூப் லைட்டுக்கு வைக்கும் சோக்கும் அதே சொல்தான். மின்சாரத்தின் கழுத்தைக் கொஞ்சம் நெரித்து அனுப்புவதால் வந்த பெயர். குளியல் தொட்டியின் அடி மூடி பிரிட்டனில் பிளக், அமெரிக்காவில் ஸ்டாப்பர். மூக்கடைத்தால் பிரிட்டிஷ்காரர் ‘பங்டு அப்’ என்பார், அமெரிக்கர் ‘ஸ்டஃப்டு அப்’ என்பார்.

பங் என்பது மரப் பீப்பாயின் வயிற்று ஓட்டைக்கு அடிக்கும் தடித்த அடைப்பான். பிரிட்டனில் லஞ்சத்துக்கும் பங் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ‘பங்’ என்றால் கெட்டுப்போனது, வேலை செய்யாதது. அது பீப்பாயிலிருந்து வரவில்லை. பிரிஸ்பேன் பகுதிப் பூர்வகுடி மொழியில் இறந்தது என்று பொருள்படும் சொல். ஒலி ஒன்றாக இருப்பதால் ஒரே சொல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஜூன் 15

கால்க் என்ற சொல்லை விட்டுவிட்டேன் என்று ஒரு பெயிண்டர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ‘எல்’ உண்டு, உச்சரிப்பில் வராது. பிரிட்டிஷ் வாயில் இதுவும் கார்க்கும் ஒரே மாதிரிக் கேட்கும். பிரிட்டனில் கால்க் என்றால் சுவர் விளிம்பு இடைவெளியில் பிதுக்கி மேலே பெயிண்ட் அடிக்கும் பசை. குளியலறையில் போடுவது சீலன்ட். அமெரிக்காவில் இரண்டுக்கும் கால்க்தான்.

சொல் பிறந்தது கப்பலில். லத்தீன் ‘கல்காரே’, காலால் மிதித்து அழுத்துவது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தார் தோய்த்த நாரை அடித்து இறக்கி, மேலே கொதிக்கும் கீல் ஊற்றுவார்கள். நாருக்கு ஓக்கம் என்று பெயர். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்துப் பிரித்து எடுத்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக் கைதிகளும் ஏழை விடுதியில் அடைபட்டவர்களும் நாள் முழுக்கக் கயிறு பிரித்து விரல் புண்ணானார்கள்.

பழைய தமிழ் அகராதிகளில் இந்த வேலைக்குக் ‘கலப்பற்று’ என்று சொல் இருக்கிறது. பார்த்தால் கலம், பற்று என்று சுத்தத் தமிழ் மாதிரி நிற்கிறது. ஆனால் போர்த்துகீசியத்தில் இந்த வேலைக்காரனுக்குக் ‘கலஃபாத்தே’, இந்தியில் வேலைக்குக் ‘கலாபத்தி’. கடலோடிகள் கைமாற்றிக் கொடுத்த சொல். நம் வாயில் வந்ததும் அது கலத்தைப் பற்றிக்கொண்டது. சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு அலையைத் தாண்டிப் போன மசூலா படகுகளில் பலகைகளை ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். தையலுக்கு அடியில் நாரும் வைக்கோலும் வைத்துத் தைப்பார்கள். அங்கே தைப்பதும் அடைப்பதும் ஒரே வேலை.

ஜூன் 16

கோலி சோடா! எப்படி மறந்தேன். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய புட்டி அது. மற்ற மூடிகளை நாம் வெளியிலிருந்து அழுத்துகிறோம். இதில் உள்ளே இருக்கும் வாயுவே கோலியைக் கழுத்து ரப்பரில் அழுத்தி அடைக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கோலிக்கு ஸ்டாப்பர் என்று பெயர். வாயு குறைந்த சோடாவில் கோலி தளர்ந்துவிடும், கடைக்காரர் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

கார்க் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஒயினை ‘கார்க்ட்’ என்று ஒருவர் சொன்னால் மூடி போட்டது என்று மொழிபெயர்க்காதீர்கள். தக்கையிலிருந்து வந்த ஒரு வேதிப்பொருளால் ஈர அட்டை மாதிரி வாடை அடித்துப் பாழானது என்று பொருள்.

ஜூன் 20

“இவ்வளவு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழில் அடை ஒன்றுதான் இருக்கிறது என்றால் நம் மொழிக்கு இந்த வேலைகளே தெரியாதா?” என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஜூன் 2இல் நான் எழுதிய வரிதான் அப்படி நினைக்க வைத்திருக்கிறது. அது அவசரத்தில் எழுதியது. நேற்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் லூட் என்று ஒரு வினை இருக்கிறது. வீணை மாதிரி வாத்தியத்துக்கும் லூட் என்று பெயர் உண்டு, அது அரபு ‘அல் ஊத்’ திலிருந்து வந்த வேறு சொல். நான் சொல்லும் லூட் லத்தீன் ‘லூட்டும்’, சேறு. பாத்திரத்துக்கும் மூடிக்கும் நடுவே களிமண்ணோ மாவோ பூசிக் காற்றுப் போகாமல் அடைப்பதற்கு லூட் செய்வது என்று பெயர். ஐரோப்பிய ரசவாதிகள் ‘ஞானியின் சேறு’ என்றே ஒரு கலவை வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பல் மருத்துவர் கிரவுனை ஒட்ட வைக்கும் சிமென்ட்டுக்கும் லூட்டிங் சிமென்ட் என்று பெயர். மைதா மாவை உருட்டி பிரியாணிச் சட்டி விளிம்பில் ஒட்டித் தம் போடுகிறோமே, அதுவும் லூட்தான்.

இந்தச் சொல்லை மொழிபெயர்க்க ஒரு முறை அரை நாள் உட்கார்ந்தேன். ‘பூசி அடைத்தல்’ என்று எழுதிவிட்டு எழுந்தேன். பல மாதம் கழித்து, சித்த மருந்து செய்முறை ஒன்றைச் சரிபார்க்கும் வேலை வந்தது. அதில் ‘அகலில் வைத்து மேலகல் மூடி ஏழு சீலைமண் செய்து புடமிடுக’ என்கிற மாதிரி ஒரு வரி. சீலைமண்! துணியில் களிமண் தடவி, இரண்டு அகலும் சேரும் விளிம்பில் சுற்றிச் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பின் அடுத்த சுற்று. லூட் என்ற சொல்லுக்குள் சேறு மட்டும் இருக்கிறது. சீலைமண்ணில் சேறும் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கும் துணியும் இருக்கிறது. எங்கள் தெருவில் சூரணம் விற்ற வைத்தியர் வீட்டுத் திண்ணையில் மண் பூசிய அகல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்குப் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சொல் இருக்கிறது. மருந்துக்காரர்களிடம் இருந்த சொல் கையேடு எழுதுகிறவர்களிடம் வரவில்லை.

ஜூன் 21

சின்னக் குறிப்பு. செய்தித்தாளில் ‘கடைக்குச் சீல்’ என்று வருகிறதே, அந்தச் சீல்தான் மூலப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லத்தீன் ‘சிகில்லும்’, சின்ன அடையாளம், முத்திரை. அரக்கில் பதித்த முத்திரை எதையும் பெரிதாகத் தடுக்காது, யாராவது திறந்தால் காட்டிக்கொடுக்கும். அப்புறம்தான் அது காற்றையும் தண்ணீரையும் தடுக்கும் பொருளுக்குப் போயிற்று.

ஜூன் 24

ஒரே ஓட்டையை அடைக்க எத்தனை சொல் தேவைப்படும் என்பதற்கு 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு. ஏப்ரல் 20ஆம் தேதி டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலடியில் கிணறு பீறிட்டுக்கொண்டே இருந்தது. மே மாதக் கடைசியில் மேலிருந்து கனமான சேற்றை அமுக்கி இறக்கினார்கள், அதற்கு ‘டாப் கில்’ என்று பெயர். கூடவே ரப்பர்த் துண்டுகளையும் கால்ஃப் பந்துகளையும் செலுத்தியதற்கு ‘ஜங்க் ஷாட்’. இரண்டும் பலிக்கவில்லை. ஜூலை 15இல் மேலே ஒரு மூடியைப் பொருத்தி ஓட்டத்தை நிறுத்தியது ‘கேப்’. 87 நாள் ஓடியது. பிறகு பக்கத்திலிருந்து துளைத்துப் போய்க் கிணற்றின் அடியில் சிமென்ட் இறக்கி அடைத்த பிறகுதான், செப்டம்பர் 19இல், கிணறு செத்துவிட்டது என்று அறிவித்தார்கள். கேப் செய்ததும் தமிழ்ச் செய்திகளில் ‘அடைக்கப்பட்டது’ என்று படித்தேன், செப்டம்பரிலும் அதே சொல். நடுவில் போன இரண்டு மாதம் அந்தச் சொல்லில் தெரியவில்லை.

ஜூலை 1

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அப்புச்சி தோட்டத்துக் கிணற்றைப் பார்த்தேன், பாதிக்கு மேல் தூர்ந்து கிடக்கிறது. தூர்தல் என்ற சொல்லை இத்தனை நாள் இங்கே எழுதவே இல்லை என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வண்டல் சேர்ந்து சேர்ந்து அடியிலிருந்து நிறைந்து மூடிப்போவது. ஆங்கிலத்தில் அதற்கு சில்ட் என்ற வண்டலின் பெயரையும் அப் என்பதையும் சேர்த்து இரண்டு சொல்லால் சொல்வார்கள். நமக்கு ஒரு சொல். எடுக்கும் வேலைக்கும் தூர்வாருதல் என்று உடனே தயாராக இருக்கிறது. யார் வைத்தது என்று இந்தச் சொல்லிடம் கேட்டால் மழை என்று பதில் வரும்.

ஜூலை 5

முதலில் கேள்வி கேட்டவருக்கு. ஒரு கையேட்டின் மூன்று பக்கத்தையும் மாற்றி எழுதினேன்.

மூன்றாம் பக்கம்: “பம்பின் மேலே உள்ள பிளக்கைக் கழற்றித் தண்ணீர் நிரப்பவும். நிரப்பியதும் பிளக்கை மறுபடி திருகவும்.” ஏழாம் பக்கம்: “ஃபுட் வால்வு சல்லடையில் குப்பை அடைத்திருந்தால் எடுத்துவிடவும்.” ஒன்பதாம் பக்கம்: “சீல் தேய்ந்திருந்தால் புதியது மாற்றவும். கிளாண்டு கயிறு உள்ள பம்பில் சொட்டு விழ வேண்டும். நட்டை முழுக்க இறுக்க வேண்டாம்.”

அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டு மூன்றையும் வாய்விட்டுப் படித்தார். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நிறுத்தினார்.

“நிமிசத்துக்கு எத்தன சொட்டுன்னு போடலியே கண்ணு?”

அந்த எண் பம்புக்குப் பம்பு மாறும். தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.